கூடுதல் நினைவகமும் எழ மறுக்கும் கணினியும்

கடையிற் பூட்டி முடித்து விற்கப்படும் கணினியை வாங்காது, உறுப்புக்களைத் தனித்தனியே கொணர்ந்து தம் வீட்டு மேசைமீதே பொருத்தி இயக்கும் வழக்கம் நம் மாணவரிடையே வேரூன்றியுளது. பணம் மிச்சமாகும் என்பது ஒரு காரணம். பொறியின் உள்ளமைப்பைக் கண்ணாற் காணலாம் என்பது மற்றொன்று. இங்ஙனம் அமைத்த கணினி இரண்டோர் ஆண்டு குறைவின்றி உழைத்தபின், வேலையின் பளு ஏற ஏற, ‘ரேம்’ எனப்படும் நினைவகம் போதாதென்று தோன்றும். இன்னுமொரு ரேம் வாங்கிக் காலியாயுள்ள ஸ்லாட்டிற் செருகுவர். விசையை அழுத்துவர். விசிறி சுழலும்; விளக்கு எரியும்; திரை மட்டும் இருண்டே கிடக்கும். புதியதைக் கழற்றிவிட்டாலோ பழையபடி இயங்கும். ‘புது ரேம் கெட்டது’ என்று தீர்ப்புக் கூறி அப்பொழுதே கடைக்கு ஓடுவோர் பலர். அத்தீர்ப்புப் பல சமயங்களில் அவசரத் தீர்ப்பே என்பதையும், உண்மைக் காரணத்தைக் கண்டறியும் முறை யாதென்பதையும், சிறப்பாக இராயபுரந் தொட்டு எண்ணூர் ஈறாகக் கடலோரத்தில் வாழ்வோர் இதிற் கருதவேண்டுவன யாவை என்பதையும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

இது சில்லறை விஷயமன்று. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கென எழுந்த பெருங் கணினி நிலையங்களின் தேவை மிகுந்தமையால், நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் வெகுவாக ஏறிற்று. இத்தகைய காலத்தில் நல்ல ரேமைக் கெட்டதென்று ஒதுக்குவது, மாணவர் ஒருவர் பல மாதஞ் சேர்த்த பணத்தைக் கடலில் எறிவதற்கு ஒப்பாகும். ரிச்சித் தெருவிற் பிறர் கையாண்டு விற்ற ரேமை வாங்கினோருக்கு ‘திருப்பித் தருக’ என்று கேட்கவும் இடமிராது.

முதலில் இந்நினைவகம் எத்தன்மையது என்பதைச் சிறிது நோக்குவாம். ஐ.பி.எம். நிறுவனத்து ராபர்ட் டென்னார்டு என்பார், ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் கொண்டு ஒரு பிட் செய்தியைச் சேமிக்கும் முறையைக் கண்டு, 1968ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று நம் மேசைக் கணினிகளிலுள்ள ரேம் யாவும் அவர் காட்டிய வழியில் வந்தனவே. அம்மின்தேக்கி ஓட்டைக் குடம் போன்றது. அதிலிட்ட மின்னேற்றம் கசிந்துகொண்டேயிருக்கும். ஆதலின், டி.டி.ஆர். 4 வகையில் 64 மில்லி விநாடிக்கு ஒரு முறை ஒவ்வொரு வரிசையையும் படித்து மீண்டும் நிரப்புதல் வேண்டும்.

வேகமோ இன்னும் வியப்புக்குரியது. ரேமின்மேல் டி.டி.ஆர். 4-3200 என்று எழுதியிருப்பின், அதன் ஒவ்வொரு செய்தித் தடத்திலும் விநாடிக்கு 320 கோடி முறை செய்தி மாறிச் செல்லக்கூடும் என்பது பொருள். அத்துணைச் சிறுபொழுதில் ஒளியே வெற்றிடத்தில் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர்தான் ஓடும். பிராசசருக்கும் ரேமுக்கும் இடையே மதர்போர்டிற் பதித்துள்ள தடங்கள் சிறிது நீண்டாலுங் குறுகினாலும் ஒரு செய்தி முந்தும், மற்றொன்று பிந்தும். ஆகவே கணினி எழும்பொழுது, பயாஸ் என்னும் உள்நிரல் ஒவ்வொரு தடத்திலும் மாதிரிச் செய்திகளை விடுத்து, எவ்வளவு தாமதித்துப் படித்தாற் பிழையின்றி வரும் என்று அளந்து குறித்துக்கொள்ளும். இதனைத் தொழிலாளர் ‘டிரெய்னிங்’ என்பர். புதிய ரேம் சேர்த்தால் பழைய அளவைகள் செல்லா. முழுவதும் புதிதாக அளக்க வேண்டும். 2020ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற டி.டி.ஆர். 5 வகையில் இவ்வேலை சில நிமிடம் பிடிப்பதுண்டு. நடுவே கணினி தானே அணைந்து தானே எழுவதும் உண்டு. இதையறியாதார் அரை நிமிடத்திற் பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்திவிடுவர். மறுமுறை அஃது அளவையை முதலிலிருந்து தொடங்கும். இவர் மறுபடியும் நிறுத்துவர். ஆகவே முதல் மருந்து, ஒரு பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டிருத்தலே.

நிற்க. காத்திருந்தும் திரை எழாதாயின் பரீட்சையில் இறங்கலாம். மின்செருகியைப் பிடுங்கி, விசையைச் சில விநாடி அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தைப் போக்கி, பெட்டியின் பூச்சில்லாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தையும் கழித்த பின்னரே ரேமைத் தொடுதல் வேண்டும். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றியவர், கணினி எழுந்தாலும் எதனால் எழுந்ததென்று அறியமாட்டார்.

திருவொற்றியூரில் ஒரு மாணவரிடம் 8 ஜி.பி. ரேம் ஒன்றுடன் நன்கு இயங்கிய கணினி இருந்ததென்றும், அவர் இன்னுமோர் 8 ஜி.பி. வாங்கிச் செருகியதும் அஃது எழ மறுத்ததென்றும் வைத்துக்கொள்வோம். அவர் முதலிற் செய்யவேண்டுவது, புதியதை நீக்கிப் பழையதை மட்டும் முன்னிருந்த ஸ்லாட்டிலேயே வைத்து இயக்குதல். அதுவும் எழாவிட்டால், ரேமை அழுத்துகையில் வேறெதுவோ நெகிழ்ந்தது என்க. பிராசசருக்கு மின்சாரம் தரும் 8 பின் இணைப்பையும், கிராஃபிக்ஸ் கார்டு இருப்பின் அதனையும் கழற்றி அழுத்திச் செருகிப் பார்க்க. எழுந்தால், பழையதைக் கழற்றிவிட்டு, அதே ஸ்லாட்டிற் புதியதை மட்டும் இடுக. இந்த ஒரு சோதனையைச் செய்யாதவரே ஏமாறுவோரில் மிகுதி. பழைய ரேம் இயங்கும் ஸ்லாட், நல்லதென்று நாம் அறிந்த ஸ்லாட். அதிலேயே புதியதும் தனித்து இயங்குமாயின், புதிய ரேமின்மீதுள்ள பழி பெரும்பாலும் நீங்கியது. குற்றம் இரண்டாவது ஸ்லாட்டிலோ, இரண்டு ரேமும் ஒன்றுகூடுவதிலோ இருத்தல் வேண்டும்.

இரண்டாவது ஸ்லாட்டைப்பற்றி முதலிற் பேசுவாம். நம் பக்கத்துக் கணினிகளில் இதுவே முதலில் ஐயுறற்பாலது என்பது எம் கருத்து. ரேமின் அடிவிளிம்பிற் பொன்னிறமாய் மின்னும் தொடுதகடுகள் டி.டி.ஆர். 3 வகையில் 240, டி.டி.ஆர். 4, 5 வகைகளில் 288. அவை ஒவ்வொன்றையும் ஸ்லாட்டினுள்ளே ஒரு சிறு வில் அழுத்திப் பிடிக்கிறது. பொன் துருப்பிடியாது என்பது மெய்யே. ஆயினும் அப்பூச்சின் கனம் ஒரு மைக்ரோமீட்டரினுங் குறைவு. மலிவுச் சரக்கில் இன்னும் மெலிது. மெல்லிய பூச்சிற் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் உள. பொன்னின்கீழ் நிக்கல், அதன்கீழ்ச் செம்புக் கலவை. உப்பும் ஈரமும் அத்துளைவழி இறங்கின், அடியிலுள்ள உலோகம் அரிக்கப்பட்டு, அவ்வரிப்பு மேலே பொங்கிப் பொன்மீதே படலமாய்ப் பரவும். ரேம் செருகியிருக்கும் ஸ்லாட்டில், வில்லும் தகடும் இறுகத் தொடும் இடத்திற் காற்றுப் புகல் அரிது; ஆதலின் அது தப்புகிறது. காலியாக வாய் திறந்து கிடக்கும் ஸ்லாட்டோ ஈராண்டுக் கடற்காற்றையும் தூசியையும் உண்டு கிடக்கிறது. இதனாலேதான் பழைய ரேம் நன்றாயிருக்கப் புதிய ரேம் ‘கெட்டுப்போகிறது’.

கடற்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதைக் காசிமேட்டிற் கம்பிக் கதவு வைத்தோர்க்கு நாம் சொல்லவேண்டுவதில்லை. ஆயின் அதன் செயல்முறை அறியத்தக்கது. சமையலுப்பு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 என்னும் எல்லையைத் தாண்டினால் அந்த ஈரத்தையே உறிஞ்சிக் கரைந்து நீராகிவிடும். நம் கடலோர இரவுகளில் ஈரப்பதம் அவ்வெல்லையைப் பலகாலும் மீறுகிறது. பகலில் வெறுந் தூசியாய்க் கிடந்தது இரவில் உப்புநீராகும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். மறுநாட் காலையில் உலர்ந்துவிடும். பார்ப்பவர்க்கு ஒன்றும் தோன்றாது.

கந்தகமும் இதற்குத் துணை. மணலியில் 1969ஆம் ஆண்டு முதற்கொண்டு எண்ணெய் சுத்திகரிப்பு நடைபெறுகிறது. பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017ஆம் ஆண்டில் மூடப்பட்டதெனினும், அத்திப்பட்டுப் பக்கத்தில் வட சென்னை நிலையமும் வல்லூர் நிலையமும் நிலக்கரியை எரிக்கின்றன. இவையன்றிப் பக்கிங்காம் கால்வாயில் தேங்கிய சாக்கடை நீரினின்று ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நாற்றவாயு எழுகிறது. வெள்ளிக் கொலுசு நாளடைவிற் கறுப்பது இத்தகைய கந்தகச் சேர்மங்களாலேயே. கொலுசுக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம் என்று வினவலாம். ரேமின் தொடுதகடுகளுக்குச் சற்று மேலே, எள்ளினுஞ் சிறிய ரெசிஸ்டர்கள் வரிசையாய் ஒட்டப்பட்டுள்ளன. அவற்றின் முனைகளினுள்ளே வெள்ளி உண்டு. கந்தகம் உட்புகுந்தால் அவ்வெள்ளி கறுத்துச் சல்ஃபைடாகித் தொடர்பு அறுந்துவிடும். பெருங் கணினி நிலையங்களை நடத்துவோர் இதற்கஞ்சி ஓரளவு வகுத்திருக்கின்றனர்: மாதிரியாக வைத்த செம்புத் தகட்டில் மாதமொன்றுக்கு 300 ஆங்ஸ்ட்ராமும், வெள்ளித் தகட்டில் 200 ஆங்ஸ்ட்ராமும் தாண்டி அரிப்புப் படலம் வளரலாகாது என்பது அது. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரங் கோடியில் ஒரு பங்கு. வீட்டில் அத்தகைய அளவுகருவிக்கு எங்கே போவது? துலக்கிய வெள்ளித் துண்டு ஒன்றைக் கணினியின் அருகே ஒரு மாதம் வைத்துப் பார்க்கலாம். அது விரைவிற் கறுக்குமாயின், கணினியைக் கால்வாய்ப் பக்கத்துச் சாளரத்தினின்று உட்பக்கம் நகர்த்துதல் நலம். அதனை நாள்தோறும் சிறிது நேரம் இயக்குவதும் நன்மையே. உள்ளே எழும் வெப்பத்தால் அங்குள்ள ஈரப்பதம் குறையும்.

துப்புரவு செய்யும் முறை வருமாறு. ரேமின் விளிம்பை, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் ஒரே திசையில் மெல்லத் துடைக்க. ஸ்லாட்டினுள் மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டி, ஊதுகருவியால் ஊதுக. வாயால் ஊதும் வழக்கம் ஒன்றுண்டு. அஃது உப்புக் கலந்த எச்சிலை உள்ளே தெளிப்பதேயன்றி வேறன்று. பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்ப்பது பழுது பார்ப்போரிடையே நெடுநாளைய பழக்கம். வேறு வழியில்லாதபோது மெல்லிய வெள்ளை ரப்பரால் ஒருமுறை தடவுவதை நாம் குறை கூறோம். மணல் கலந்த மை ரப்பரால் தேய்த்தாலோ உள்ள பொன்னும் போய்விடும். துடைத்தபின் ரேமை ஸ்லாட்டில் மூன்று நான்கு முறை செருகியெடுத்தால் வில்கள் உராய்ந்து தாமே சிறிது துலங்கும். கடைசி முறை, கிளிப் ‘டக்’ என்று பூட்டும்வரை இரு முனையும் அழுத்துக. ஒரு முனை அரை மில்லிமீட்டர் தூக்கியிருந்தாலும் திரை எழாது. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகத்தையடுத்த வீடுகளில் வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்ததே, அத்தகைய நீரில் நனைந்த மதர்போர்டுக்கு இத்துடைப்பு எட்டாது.

இனி, ஸ்லாட்டும் தூயது, ரேம் இரண்டும் தனித்தனியே இயங்குவன, சேர்ந்தால் மட்டும் இயங்கா என்னும் நிலையைக் காண்போம். ஒவ்வொரு ரேமிலும் தன் இயல்பைத் தானே கூறும் ஒரு சிறு சில்லு உண்டு. பயாஸ் இரண்டின் கூற்றையும் கேட்டு, மெதுவானதற்கு இசைய வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இது பொது விதி. ஆயின் உரிமையாளர் முன்னரே ‘எக்ஸ்.எம்.பி.’ என்னும் அதிவேக அமைப்பைத் தெரிந்துகொண்டிருப்பின், பயாஸ் அதனையே பற்றி நிற்கும். டி.டி.ஆர். 4 ரேமுக்கு இயல்பான மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்.எம்.பி.யில் இஃது பெரும்பாலும் 1.35 வோல்ட். பழைய ரேம் அவ்வோட்டத்துக்கு ஈடுகொடுக்கும், புதியது கொடாது, இரண்டும் விழும். ஆகவே பழையதை மட்டும் இட்டுக் கணினியை எழுப்பி, பயாஸிற் புகுந்து எக்ஸ்.எம்.பி.யை நிறுத்திச் சேமித்து, அணைத்தபின் புதியதைச் சேர்க்க. பயாஸிற் புகவே முடியாவிட்டால், மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டிலுள்ள வட்டமான சி.ஆர். 2032 பாட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்தால் பெரும்பாலான பலகைகளில் அமைப்புக்கள் ஆதிநிலைக்குத் திரும்பும்.

ஸ்லாட்டின் வரிசையும் கருதத்தக்கது. நான்கு ஸ்லாட்டுள்ள பலகைகளிற் பெரும்பாலனவற்றில், பிராசசர்ப் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதுமே முதலில் நிரப்பற்குரியன. அவற்றை ஏ2, பி2 என்பர். காரணம் இது: தடம் முதல் ஸ்லாட்டைக் கடந்து இரண்டாவதில் முடிகிறது. முதலதில் மட்டும் ரேமை வைத்தால், எஞ்சிய தடம் முட்டுச்சந்துபோல் வெறுமனே நிற்கும். அங்கே சென்ற மின்னலை மோதித் திரும்பி வந்து நல்ல செய்தியோடு கலந்து குழப்பும். நான்கையும் நிரப்பினாலோ சுமை மிகும். ஏ.எம்.டி. நிறுவனம் தன் ரைசன் 7000 வரிசைக்கு, இரண்டு ரேம் இட்டால் டி.டி.ஆர். 5-5200 வேகமும், நான்கு இட்டால் 3600 வேகமுமே உறுதி கூறியுள்ளது. இரண்டு ரேமில் 6000 வேகத்தில் ஓடியதை நான்கிலும் ஓட்ட முயன்று, திரை எழவில்லையே என்று வருந்துவது, ஒற்றை மாட்டு வண்டியில் லாரிச் சரக்கை ஏற்றுவது போலாம்.

புதிய ரேம், நல்ல ஸ்லாட்டிலும் தனித்து எழாதாயின் அப்பொழுதே அதன்மேல் ஐயங் கொள்ளலாம். அங்கும் ‘கெட்டது’ என்பதும் ‘ஒவ்வாதது’ என்பதும் வேறு. டி.டி.ஆர். 3, 4, 5 இவற்றின் வெட்டு வெவ்வேறிடத்தில் இருப்பதால் ஒன்றை மற்றொன்றின் ஸ்லாட்டில் வலிந்து செருகினாலன்றி நுழையாது. ஆனால் சர்வர்களுக்குரிய ‘ரெஜிஸ்டர்டு’ ரேம், டி.டி.ஆர். 4 வகையில், வீட்டுக் கணினியின் ஸ்லாட்டில் இழைந்து பொருந்தும், கணினியோ எழாது. பெரு நிலையங்களினின்று கழிக்கப்பட்டு மலிவாய் விற்பனைக்கு வருவனவற்றில் இவ்வகை மிகுதி. சீட்டில் ‘பி.சி.4’ என்று தொடங்கும் எழுத்துக்களை நோக்குக. வேகத்தைக் குறிக்கும் எண்ணையடுத்து ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து வருமாயின் அது சர்வர்ச் சரக்கு, ‘யூ’ என்பதே வீட்டுக் கணினிக்குரியது. இஃதன்றிப் பலகையின் வரம்பும் உண்டு. இன்டெல் எச்61 சிப்செட் கொண்ட பழைய பலகை, ஸ்லாட் ஒன்றுக்கு 8 ஜி.பி.க்கு மேல் ஏற்காது. 2023இல் வெளிவந்த 24, 48 ஜி.பி. ரேம்களை ஏற்க அதற்கு முற்பட்ட பலகைகளுக்குப் புது பயாஸ் வேண்டியிருந்தது. பயாஸைப் புதுப்பிக்கும்பொழுது மின்சாரம் தடைப்பட்டால் பலகையே பாழாதல் கூடும். மின்சாரம் பிறக்கும் எண்ணூரிலும் மின்வெட்டு உண்டாதலால், யு.பி.எஸ். இன்றி அவ்வேலையிற் புகுதல் தகாது.

எஞ்சியது ஒன்று. நன்கு துடைத்தபின்னும், நல்ல ரேம் எதனை இட்டாலும், பி1, பி2 என்னும் இரு ஸ்லாட்டும் இயங்கா, ஏ1, ஏ2 மட்டும் இயங்கும் என்று காணின், ரேமையும் விட்டு, ஸ்லாட்டையும் விட்டு, பிராசசரின் அடியை நோக்குதல் வேண்டும். முற்காலத்தில் நினைவகத்தை ஆளும் பகுதி மதர்போர்டிலிருந்தது, ஏ.எம்.டி. 2003ஆம் ஆண்டிலும் இன்டெல் 2008ஆம் ஆண்டிலும் அதனை வீட்டுக் கணினியின் பிராசசருக்குள்ளேயே கொண்டுவந்தன. ஆதலால் ரேமின் தடங்கள் யாவும் பிராசசர்ச் சாக்கெட்டின் ஊசிகள் வழியே செல்கின்றன. ஏ.எம்.5 சாக்கெட்டில் இவ்வூசிகள் 1718. அவற்றுள் ஒன்று வளைந்தாலும், தூசி ஒன்று நடுவிற் படிந்தாலும், ஒரு பக்கத்து நினைவகம் முழுதும் மறையக்கூடும். குளிர்விப்பானின் ஒரு திருகை மட்டும் மிக இறுக்கியதால் இக்குறை தோன்றுவதும், நான்கையும் ஒருபடியாகத் தளர்த்தி மீண்டும் குறுக்குமறுக்காய் இறுக்கியவுடன் நீங்குவதும் உண்டு. வளைந்த ஊசியை நிமிர்த்தும் வேலையைப் பூதக்கண்ணாடியும் கைநடுக்கமின்மையும் உடையாரிடம் விடுவதே முறை.

திரை எழுந்துவிட்டது என்பதனால் வேலை முடிந்ததெனக் கொள்ளலாகாது. எழுந்த கணினி, கோப்புக்களை ஓசைபடாமற் கெடுத்துவருதலும் கூடும். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்னும் இலவச நிரலைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியை எழுப்பி, ஓர் இரவு முழுதும் ஓடவிடுக. பிழைகள் வேகத்தைக் குறைத்தவுடன் மறைந்தால், அது ரேமின் சாவன்று, இசைவின் குறை, அவ்வேகத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். வேகத்தைக் குறைத்தும், ரேமைத் தனியே நல்ல ஸ்லாட்டிலிட்டும், அதே முகவரியிற் பிழை மீண்டும் மீண்டும் தோன்றுமாயின், சில்லு பழுதென்பதிற் சந்தேகமில்லை. பில்லையும் சோதனைத் திரையின் படத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்க. இரண்டும் ஒரே பெட்டியில் ஜோடியாக வாங்கியதாயின், இரண்டையுமே கொண்டுசெல்லுதல் வேண்டும், ஒன்றை மட்டும் பெரும்பாலும் மாற்றித் தரமாட்டார்கள்.